நைஜீரிய நிறுவனம் ஊதியத்தை யூஎஸ்டிடியில் தருவதாகச் சொல்கிறது: கோவையிலிருந்து பணிபுரிபவர் ஏற்கலாமா?

நொய்யல் வரைஞன் (கோயம்புத்தூர்) கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். நான் வீட்டிலிருந்தபடியே இரு பரிமாண அனிமேஷன் வேலைகளை ஒப்பந்த அடிப்படையில் செய்து வருகிறேன். இதுவரை என் வாடிக்கையாளர்கள் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இருந்ததால், பணம் பேபால் வழியாகவோ நேரடி வங்கி மாற்றாகவோ வந்துவிடும். கட்டணம் கொஞ்சம் கடித்தாலும் வரவில் சிக்கல் இருந்ததில்லை. இப்போது லாகோஸ் நகரில் உள்ள ஒரு சிறிய அனிமேஷன் நிறுவனம், குழந்தைகளுக்கான தொடர் ஒன்றுக்காக ஓராண்டு வேலை தர முன்வந்திருக்கிறது. மாதம் ஏறத்தாழ 1,000 டாலர். ஆனால் அதை வங்கி வழியாக அனுப்ப இயலாது என்றும், டிரான் என்ற பிளாக்செயின் வலையமைப்பில், டாலருக்கு இணையாக மதிப்பு வைக்கப்பட்ட கிரிப்டோ நாணயமான யூஎஸ்டிடியாகவே அனுப்புவோம் என்றும் சொல்கிறார்கள்.

அவர்கள் சொல்லும் காரணம் நம்பக்கூடியதாகவே இருக்கிறது. நைஜீரியாவில் பல வங்கிகள் 2022ஆம் ஆண்டில், அந்நாட்டு நாணயமான நைராவில் இயங்கும் அட்டையை வைத்து வெளிநாட்டில் செலவழிக்கும் வரம்பை மாதத்துக்கு 20 டாலராகக் குறைத்தன. 2023 ஜூனில் நாணய மாற்று விகிதத்தின் மீதிருந்த கட்டுப்பாடு தளர்த்தப்பட்டதும் நைரா பெரும் சரிவைக் கண்டது. அந்தச் சூழலில் பழகிய ஒரு சிறு நிறுவனம், வங்கியில் டாலர் கேட்டுக் காத்திருப்பதைவிட, கையில் இருக்கும் யூஎஸ்டிடியை அனுப்புவது எளிது என்று நினைப்பதில் வியப்பில்லை.

நான் தெரிந்துகொள்ள விரும்புவது இதுதான். இப்படிப் பணம் வாங்குவது நம் நாட்டுச் சட்டப்படி சரியா? வரி எப்படிக் கணக்கிடப்படும்? வந்த நாணயத்தை ரூபாயாக மாற்றப் பாதுகாப்பான வழி எது? நண்பர் ஒருவர், பயனர்கள் ஒருவருக்கொருவர் நேரடியாக வாங்கி விற்கும் பி2பி சந்தையில் விற்றால் வங்கி தரும் டாலர் விலையைவிட ஓரிரண்டு ரூபாய் கூடுதலாகவே கிடைக்கும், ஏன் தயங்குகிறாய் என்று கேட்கிறார். அந்தக் கூடுதல் விலைதான் என்னைத் தயங்க வைக்கிறது. காரணமில்லாமல் யாரும் சந்தை விலைக்கு மேல் கொடுக்க மாட்டார்களே.

---

வைகைக் கணக்கர் (மதுரை) எழுதியது:

உங்கள் தயக்கம் நியாயமானது. நான் கணக்காளராக இருப்பதால் சட்டம், வரி ஆகிய இரண்டைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். பி2பி பற்றி வங்கித் துறையில் இருந்தவர்கள் எழுதினால் நல்லது.

கிரிப்டோ நாணயத்தை வைத்திருப்பது இந்தியாவில் குற்றமில்லை. கிரிப்டோ வணிகத்துக்கு வங்கிகள் சேவை அளிக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2018 ஏப்ரலில் வெளியிட்ட சுற்றறிக்கையை உச்ச நீதிமன்றம் 2020 மார்ச் 4 அன்று ரத்து செய்துவிட்டது. ஆனால் அந்தத் தீர்ப்பு அதைப் பணமாக ஏற்றுக்கொண்டதாகப் பலர் தவறாக நினைக்கிறார்கள். 2022ஆம் ஆண்டு நிதிச் சட்டம் இதற்கு வைத்த பெயர் மெய்நிகர் டிஜிட்டல் சொத்து. ஆகவே உங்கள் வாடிக்கையாளர் யூஎஸ்டிடி அனுப்பும்போது, சட்டத்தின் பார்வையில் அவர் உங்களுக்கு டாலர் தரவில்லை, ஒரு சொத்தைத் தருகிறார்.

வருமான வரியை இரண்டு கட்டமாகப் பாருங்கள். நாணயம் உங்கள் வாலட்டுக்கு (கிரிப்டோ வைக்கும் மின் பணப்பைக்கு) வந்த நாளில் அதன் ரூபாய் மதிப்பு எவ்வளவோ அது உங்கள் தொழில் வருமானம். அதற்கு மற்ற வருமானத்தைப் போலவே உங்கள் வரி அடுக்குப்படி வரி. பிறகு அதை விற்கும்போது, வந்த நாள் மதிப்பைவிடக் கூடுதலாகக் கிடைத்தால், அந்தக் கூடுதலுக்கு மட்டும் 30 விழுக்காடும் அதன்மேல் 4 விழுக்காடு செஸ் வரியும் உண்டு. பெரும்பாலான கணக்காளர்கள் வந்த நாள் மதிப்பையே அடக்க விலையாகக் கொள்கிறார்கள். ஒரு யூஎஸ்டிடி 88 ரூபாயாக இருந்த நாளில் 1,000 வந்ததாகவும், மறுவாரம் 89 ரூபாய்க்கு விற்றதாகவும் வைத்துக்கொள்வோம். 88,000 ரூபாய் தொழில் வருமானம். மிச்சமுள்ள 1,000 ரூபாய்க்கு 312 ரூபாய் வரி. விலை 86 ஆகக் குறைந்த பின் விற்றால் 2,000 ரூபாய் நட்டம். அந்த நட்டத்தை வேறு எந்த வருமானத்திலும் கழிக்கவும் முடியாது, அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோகவும் முடியாது. நீங்களோ 88,000 ரூபாய்க்கே வரி கட்டியாக வேண்டும். இதனுடன், விற்கும்போது மொத்த விற்பனைத் தொகையில் 1 விழுக்காடு டிடிஎஸ், அதாவது முன்கூட்டியே கழிக்கும் வரி, பிடிக்கப்படும். அதை வருமான வரிக் கணக்கில் வரவு வைத்துக்கொள்ளலாம். 1961ஆம் ஆண்டுச் சட்டத்தில் 115பிபிஎச், 194எஸ் என்று இருந்த இந்தப் பிரிவுகள், 2026 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த 2025ஆம் ஆண்டின் புதிய சட்டத்தில் வேறு எண்களில் இருக்கின்றன. அடிப்படை அப்படியே இருக்கிறது.

இதுவரை சொன்னது சமாளிக்கக்கூடியதுதான். என் கட்சிக்காரர்களில் இப்படி வருமானம் பெறுபவர்களை உண்மையில் தடுமாறச் செய்வது வரி விகிதம் அல்ல, வங்கி தரும் வரவுச் சான்று இல்லாமை. வெளிநாட்டிலிருந்து வங்கி வழியாகப் பணம் வந்தால், இன்னாரிடமிருந்து, இன்ன நோக்கத்துக்காக, இவ்வளவு அந்நியச் செலாவணி வந்தது என்று வங்கி ஒரு சான்று தருகிறது. எஃப்ஐஆர்சி என்று நாம் பேச்சில் சொல்வது அதைத்தான். சேவை ஏற்றுமதிக்கான தொகை அங்கீகாரம் பெற்ற வங்கி வழியாகவே நாட்டுக்குள் வர வேண்டும் என்பது, 1999ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டத்தை ஒட்டி அமைந்த நடைமுறை. யூஎஸ்டிடி அந்த வாசல் வழியாக வருவதே இல்லை. நீங்கள் அதை இந்தியாவில் விற்கும்போது உங்கள் கணக்குக்கு வருவது இன்னொரு இந்தியக் கணக்கிலிருந்து வரும் ரூபாய். அதில் நைஜீரியாவின் சாயலே இருக்காது.

ஜிஎஸ்டியில் இது இன்னும் கூர்மையாகக் குத்தும். ஒரு சேவை ஏற்றுமதி எனக் கருதப்பட வேண்டுமானால், மற்ற நிபந்தனைகளோடு, அதற்கான தொகை மாற்றத்தக்க அந்நியச் செலாவணியாகவோ ரிசர்வ் வங்கி அனுமதித்த இடங்களில் ரூபாயாகவோ வந்திருக்க வேண்டும் என்று ஒருங்கிணைந்த ஜிஎஸ்டி சட்டத்தின் 2(6) பிரிவு சொல்கிறது. மெய்நிகர் சொத்து இந்த இரண்டில் எதிலும் அடங்காது. உங்கள் ஆண்டு வரவு 20 லட்சத்துக்குள் இருந்து, பதிவும் செய்யாமல் இருந்தால் இன்றைக்கு இது உங்களைத் தொடாது. பதிவு செய்து வரியின்றி ஏற்றுமதி செய்பவராக இருந்தால், அதிகாரி ஒருவர் இந்த வரவுக்கு 18 விழுக்காடு கேட்டு நோட்டீஸ் அனுப்ப இடமிருக்கிறது. எதிர்த்து வாதாடலாம், ஆனால் மாதம் 1,000 டாலர் வேலைக்கு வழக்கறிஞர் வைப்பது கட்டுப்படியாகுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

---

பொருநைவாசி (திருநெல்வேலி) எழுதியது:

வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், உங்கள் நண்பர் சொன்ன அந்த ஓரிரண்டு ரூபாய் கூடுதல் விலைக்கு வருகிறேன்.

பி2பி என்பதில் பரிமாற்றத் தளம் நாணயத்தை மட்டும் இடையில் பிடித்து வைக்கிறது. ரூபாய் முன்பின் அறியாத ஒருவருடைய வங்கிக் கணக்கிலிருந்து நேரடியாக உங்கள் கணக்குக்கு யூபிஐ அல்லது ஐஎம்பிஎஸ் வழியாக வருகிறது. வாங்குபவர்களில் முறையானவர்களும் உண்டு. ஆனால் வங்கி வாசலுக்குப் போக முடியாத பணத்தை வைத்திருப்பவர்களும் அங்கேதான் வருகிறார்கள். இணைய மோசடியில் ஒருவரை ஏமாற்றி எடுத்த பணத்தை, வாடகைக்கு எடுத்த கணக்குகளில் ஏற்றி, விரைவாக யூஎஸ்டிடியாக மாற்றி நாட்டைவிட்டு வெளியேற்றுவது இப்போது பழக்கமான முறை. அவசரத்தில் இருப்பவர் கூடுதல் விலை கொடுக்கத் தயங்க மாட்டார். கூடுதல் விலைக்கு வேறு காரணங்களும் இருக்கின்றன. ஆயினும் அதில் ஒரு பங்கு உங்கள் கணக்கு ஏற்கும் ஆபத்துக்கான கூலி என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

பணத்தை இழந்தவர் 1930 என்ற எண்ணில் புகார் கொடுத்ததும், அந்தத் தொகை எந்தெந்தக் கணக்குகளுக்குப் போனதோ அவற்றையெல்லாம் அடுக்கடுக்காகத் தேடி நிறுத்தி வைக்கும்படி வங்கிகளுக்குத் தகவல் போகிறது. மூன்றாவது, நான்காவது அடுக்கில் இருப்பவர் நீங்கள். புகார் கொடுத்தவர் குஜராத்திலோ தெலங்கானாவிலோ இருப்பார். விசாரணை அதிகாரியும் அங்கேதான். உங்கள் கிளை மேலாளர் உங்களை இருபது வருடமாக அறிந்தவராக இருந்தாலும் அவரால் அந்த முடக்கத்தை எடுக்க முடியாது. முடக்கிய காவல் பிரிவு கடிதம் தர வேண்டும், அல்லது நீதிமன்றம் உத்தரவிட வேண்டும். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 102ஆம் பிரிவாக இருந்து இப்போது பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவில் 106ஆம் பிரிவாக இருக்கும் அதிகாரத்தைக் காவல்துறை இதற்குப் பயன்படுத்துகிறது. சந்தேகத்துக்குரிய தொகையைக் குறிப்பிடாமல் கணக்கு முழுவதையும் முடக்குவது சரியல்ல என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024இல் சொல்லியிருக்கிறது. அது வழக்குத் தொடுத்தவருக்கு உதவும். மறுநாள் வீட்டுக் கடன் தவணை கட்ட வேண்டியவருக்கு உடனடியாக உதவாது.

வாங்கியே ஆக வேண்டும் என்ற நிலை வந்தால், நிதி நுண்ணறிவுப் பிரிவில் பதிவு பெற்ற இந்தியப் பரிமாற்ற நிறுவனத்துக்கு நாணயத்தை அனுப்பி, அதன் பொதுச் சந்தையிலேயே விற்றுவிடுங்கள். 2023 மார்ச் முதல் இந்த நிறுவனங்கள் பணமோசடித் தடுப்புச் சட்டத்தின் கீழ் வந்துவிட்டதால் கேஒய்சி கேட்பார்கள், யூஎஸ்டிடி எங்கிருந்து வந்தது என்றும் கேட்பார்கள். விலை பி2பியைவிடக் குறையலாம், வர்த்தகக் கட்டணமும் உண்டு. ஆனால் ரூபாய் அந்த நிறுவனத்தின் கணக்கிலிருந்து வரும், ஊர்பேர் தெரியாதவர் கணக்கிலிருந்து வராது. விற்றதும் பணத்தை வங்கிக்கு எடுத்துவிடுங்கள். 2024 ஜூலை 18 அன்று வசீர்எக்ஸ் தளத்திலிருந்து சுமார் 23 கோடி டாலர் மதிப்புள்ள நாணயங்கள் திருடப்பட்டபோது, அங்கே இருப்பு வைத்திருந்தவர்கள் தங்கள் சொத்தை எடுக்க ஓராண்டுக்கு மேல் காத்திருக்க வேண்டியதாயிற்று. பரிமாற்றத் தளத்தைச் சேமிப்புக் கணக்காக நினைப்பது தவறு.

இந்த வேலைக்கென்று தனியாக ஒரு வங்கிக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். சம்பளமும் தவணையும் ஓடும் கணக்கை இதில் இழுக்க வேண்டாம்.

---

பண்ணைப்பாலம் (யாழ்ப்பாணம்) எழுதியது:

இலங்கை நிலைமை உங்களுடையதைவிட வேறு என்றாலும், கேள்வி ஒன்றுதான் என்பதால் எழுதுகிறேன். இங்கே பேபால் கணக்கில் பணம் அனுப்பலாமே தவிர, பெற்றுக்கொள்ளும் வசதி நீண்ட காலமாகவே இல்லை. அதனால் இணையவழி வேலை செய்யும் இளைஞர்கள் பெரும்பாலும் பேயோனியர் என்ற பணப் பரிமாற்றச் சேவை வழியாகவே டொலரை எடுத்து வந்தார்கள். 2022 மார்ச்சில் ரூபாயின் பெறுமதி சரியத் தொடங்கி இரண்டு மாதங்களுக்குள் ஒரு டொலர் 200 ரூபா அளவிலிருந்து 360 ரூபாவை எட்டிய காலத்தில், வங்கி விலைக்கும் வங்கிக்கு வெளியே பணம் மாற்றித் தரும் உண்டியல்காரர் கொடுத்த விலைக்கும் இடையிலான வித்தியாசத்தைப் பார்த்துப் பலரும் யூஎஸ்டிடி பக்கம் போனார்கள். மின்சாரம் இல்லை, எரிபொருள் வரிசை, வங்கியில் டொலர் இல்லை. அந்த நேரத்தில் கைத்தொலைபேசியில் வந்து விழுந்த நாணயம் பலருடைய வீட்டு அடுப்பை எரிய வைத்தது. அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

நிலைமை சீராகத் தொடங்கியதும் வேறு கணக்கு வெளியே வந்தது. இலங்கை மத்திய வங்கி இதற்கென்று எவருக்கும் அனுமதிப்பத்திரம் கொடுக்கவில்லை. மெய்நிகர் நாணயக் கொடுக்கல் வாங்கலுக்கு வங்கி அட்டைகளைப் பாவிக்கக் கூடாது என்றும் அறிவித்திருக்கிறது. வெளிநாட்டுக்குச் செய்த சேவைக்கான வருமானத்துக்கு முன்பு வரி விலக்கு இருந்தது. 2025 ஏப்ரல் முதல் அதற்கு உச்சமாக 15 வீத வரி என்று மாற்றினார்கள். ஆனால் விலக்குக்கும் சரி, இந்தக் குறைந்த வீதத்துக்கும் சரி, வருமானம் வங்கி மூலமாக இலங்கைக்குள் வந்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. யூஎஸ்டிடியாக வாங்கி உள்ளூரில் ஒருவரிடம் விற்றவருக்கு அந்தச் சலுகையைக் கேட்க ஆதாரம் இல்லை. எனக்குத் தெரிந்த ஒரு மென்பொருள் வேலைக்காரர் வெளிநாட்டு மேற்படிப்புக்கு விசா விண்ணப்பித்தபோது, நல்ல வருமானம் இருந்தும், வங்கிக் கூற்றில் இருந்ததெல்லாம் அறியாத நபர்களிடமிருந்து வந்த வைப்புகள் மட்டுமே. அதை விளங்கப்படுத்த அவர் பட்ட பாடு பெரிது.

ஆகவே அண்ணா, நெருக்கடியில் ஒரு நாடு இருக்கும்போது எடுக்கும் முடிவும், வங்கிகள் ஒழுங்காக வேலை செய்யும் இடத்தில் எடுக்கும் முடிவும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. நெருக்கடி இருப்பது உங்கள் வாடிக்கையாளர் பக்கத்தில்; உங்கள் பக்கத்தில் இல்லை.

---

மறைக்குறியன் (சென்னை) எழுதியது:

தொழில்நுட்பம் பற்றி மட்டும் சில வரிகள். யூஎஸ்டிடி பல வலையமைப்புகளில் ஓடுகிறது. உங்கள் பரிமாற்ற நிறுவனம் ஆதரிக்காத வலையமைப்பில் அனுப்பினால், பணத்தை மீட்பது கடினம், சில வேளை இயலாது. முதலில் சிறு தொகை அனுப்பிச் சோதிக்கச் சொல்லுங்கள். உங்கள் முகவரியின் முதல் சில எழுத்துகளும் கடைசி எழுத்துகளும் ஒத்திருக்கும் போலி முகவரியிலிருந்து மிகச் சிறிய தொகையை அனுப்பி, அனுப்புபவரின் வரவு செலவுப் பட்டியலில் அதை நுழைத்துவிடும் மோசடி பரவலாக நடக்கிறது. ஆகவே பழைய பட்டியலிலிருந்து முகவரியை நகலெடுக்க வேண்டாம் என்று லாகோஸில் உள்ளவர்களுக்கும் எழுதுங்கள்.

டாலருக்கு இணையான நாணயம் என்பதால் விலை அசையாது என்றும் நம்பிவிடக் கூடாது. 2022 மே மாதத்தில் இதே போல டாலருக்கு இணை என்று சொல்லப்பட்ட டெர்ரா யூஎஸ்டி நாணயம் ஒரேயடியாக வீழ்ந்தது. 2023 மார்ச்சில் சிலிக்கான் வேலி வங்கி மூடப்பட்டபோது, கையிருப்பு முறையாக வைத்திருந்த யூஎஸ்டிசி என்ற இன்னொரு டாலர் நாணயம் கூடச் சில நாட்கள் ஒரு டாலருக்குக் கீழே, 88 சென்ட் வரை இறங்கி மீண்டது. யூஎஸ்டிடியை வெளியிடும் டெதர் நிறுவனம் குறிப்பிட்ட முகவரிகளில் உள்ள யூஎஸ்டிடியை முடக்கும் வசதியைத் தன்னிடமே வைத்திருக்கிறது. குற்றத்தோடு தொடர்புடைய முகவரிகளை அப்படி முடக்கியும் வருகிறது. வாடிக்கையாளர் எங்கிருந்து வாங்கி உங்களுக்கு அனுப்புகிறார் என்பது அதனால் உங்களுக்கும் முக்கியம்.

---

நொய்யல் வரைஞன் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. யாழ்ப்பாண நண்பர் சொன்ன கடைசி வரி எனக்கு வழி காட்டியது. நேற்று லாகோஸுக்கு எழுதிக் கேட்டேன்: யூஎஸ்டிடியை நீங்களே உங்கள் பக்கத்தில் டாலராக மாற்றி, என் வங்கிக் கணக்குக்கு அனுப்ப இயலுமா என்று. நாணயத்தை வாங்கிக்கொண்டு டாலராக வங்கிக்கு அனுப்பும் சேவை நிறுவனம் ஒன்றைத் தாங்கள் அறிந்திருப்பதாகவும், கட்டணத்தில் பாதியை நான் ஏற்றால் அதன் வழியாக அனுப்புவதாகவும் பதில் வந்திருக்கிறது. ஆனால் அனுப்புநர் பெயராக அந்தச் சேவை நிறுவனத்தின் பெயர்தான் வருமாம். அது சரிப்படுமா? மேலும், முன்பணமாக ஒரு சிறு தொகை ஏற்கெனவே என் வாலட்டுக்கு வந்து கிடக்கிறது. அதை என்ன செய்வது?

---

வைகைக் கணக்கர் எழுதியது:

கட்டணத்தில் பாதியை ஏற்றுக்கொள்ளுங்கள் என்பதே என் கருத்து. பேபாலில் நீங்கள் இதுவரை கொடுத்து வந்த 4 விழுக்காட்டுக்கு மேற்பட்ட கட்டணத்தையும், அதற்கு மேல் நாணய மாற்றில் அவர்கள் எடுக்கும் பங்கையும் கூட்டிப் பார்த்தால், இது பெரிய சுமையாக இருக்க வாய்ப்பில்லை. நாணயத்தை மாற்றும் வேலை அவர்கள் பக்கத்திலேயே முடிந்துவிட்டால், உங்களுக்கு வருவது வழக்கமான அந்நியச் செலாவணி வரவு. டிடிஎஸ் இல்லை, மெய்நிகர் சொத்துக்கான தனி அட்டவணை இல்லை, ஏற்றுமதி என்ற தகுதிக்கும் பழுதில்லை.

அனுப்புநர் பெயர் மாறுவதற்கு முன்கூட்டியே ஏற்பாடு செய்ய வேண்டும். வேலை வாங்கியவர் ஒருவர், பணம் அனுப்பியவர் இன்னொருவர் என்றால் வங்கி கேள்வி கேட்கும், கேட்கவும் வேண்டும். ஒப்பந்தத்திலும் ஒவ்வொரு இன்வாய்ஸிலும், எங்கள் சார்பாக இன்ன நிறுவனம் தொகையை அனுப்பும் என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். லாகோஸ் நிறுவனத்தின் கடிதத் தாளில் அதே செய்தியை ஒரு கடிதமாகவும் வாங்குங்கள். முதல் தொகை வருமுன்பே உங்கள் வங்கிக் கிளையில் அந்நியச் செலாவணிப் பிரிவைப் பார்த்து, இந்த மூன்றாம் தரப்பு வரவை ஏற்பார்களா, பணம் எதற்காக வந்தது என்று காட்டும் நோக்கக் குறியீடாக எதைப் போடுவார்கள் என்று மின்னஞ்சலில் கேட்டுப் பதில் பெறுங்கள். வாய்மொழியாகச் சரி என்று சொன்ன அலுவலர் மாற்றலாகிப் போய்விடுவார். வங்கி மறுத்தால், வேறு வங்கியைப் பாருங்கள். யூஎஸ்டிடிக்குத் திரும்ப வேண்டாம்.

ஏற்கெனவே வந்துள்ள முன்பணத்தைத் திருப்பி அனுப்ப வேண்டியதில்லை. பொருநைவாசி ஐயா சொன்னபடி பதிவு பெற்ற பரிமாற்ற நிறுவனத்தில் விற்று, ரூபாயை வங்கிக்கு எடுத்துவிடுங்கள். அந்தத் தொகைக்கு யூஎஸ்டிடி வந்த தேதியிட்டு இன்வாய்ஸ் போடுங்கள். அதில் டாலர் மதிப்பையும் அன்றைய ரூபாய் மதிப்பையும் குறிப்பிடுங்கள். பரிமாற்றத்தின் ஹாஷ் எண் (அதற்கே உரிய அடையாள எண்), அன்றைய விலை காட்டும் பக்கத்தின் படம், விற்பனைச் சீட்டு, வாடிக்கையாளருடன் நடந்த மின்னஞ்சல் உரையாடல் ஆகியவற்றை ஒரே கோப்புறையில் பிடிஎஃப்பாகச் சேமியுங்கள். வருமான வரிப் படிவத்தில் கட்டணத்தைத் தொழில் வருமானத்திலும், விற்பனையை மெய்நிகர் சொத்து அட்டவணையிலும், லாபம் பூச்சியமாக இருந்தாலும்கூட, காட்டிவிடுங்கள். விளக்கம் கேட்டு நோட்டீஸ் வருவதாக இருந்தால் அது இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்தே வரும். அதற்குள் அந்தத் தொடர் ஒளிபரப்பாகி முடிந்திருக்கும், லாகோஸில் உங்களோடு பேசியவரும் வேறு நிறுவனத்துக்குப் போயிருக்கக்கூடும். ஆகவே அவர்களுடைய கையொப்பம் தேவைப்படும் கடிதத்தை இந்த வாரமே வாங்கிவிடுங்கள்.